கத்தியும் கல்லும் கைப்பழக்கமும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் சங்க இலக்கியத்தைப் பற்றியும் சமய நெறியைப் பற்றியும் கற்றறிந்தோர் பலர் பேசியிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். செயலாளர் என்னையும் பேசச் சொன்னபோது, "எனக்கு என்ன தெரியும்?" என்று தயங்கினேன். "கத்தி தீட்டக் கற்றுக்கொண்டீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்றார் அவர். சிரிப்பதற்காகச் சொன்னாரோ என்னவோ, நான் அதையே பேசத் துணிந்து வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓர் அரிவாள்மணை உண்டு. திருப்பாச்சேத்திக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. சிவகங்கைச் சீமையிலுள்ள அவ்வூர் அரிவாளுக்குப் பேர்போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். என் தாயார் என்னோடு வாழ இவ்வூருக்கு வந்தபோது, அதைப் பழந்துணியில் சுற்றி மதுரையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார். மராட்டியப் பெண்மணிகளும் அரிவாள்மணையில் காய் நறுக்கி வந்தனர். அதை 'விளி' என்கின்றனர். அண்டை வீட்டு அம்மையார் முதன்முதலில் "விளி கொடுங்கள்" என்று கேட்டபோது, யாரை விளிப்பது என்று என் தாயார் திகைத்ததை எண்ணி இன்றும் நகைப்போம்.

தாயார் மறைந்த பின் அந்த மணை என் மனைவியின் கைக்கு வந்தது. தாயார் இருந்தவரை அது எப்படிக் கூராக இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஓராண்டில் அது மழுங்கிவிட்டது. "கூராக்கித் தாருங்கள்" என்று மனைவி கேட்ட போதெல்லாம், "ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும்" என்றேன். ஒரு நாள் பரங்கிக்காயை அழுத்தி நறுக்கும்போது, காய்க்குள் இறங்காத அலகு வழுக்கி அவள் விரலில் இறங்கிவிட்டது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே அபாயமானது என்பதை அன்றுதான் அறிந்தேன். கூரானது நாம் சொன்ன வழியே செல்லும். மழுங்கியதை அழுத்த வேண்டியிருப்பதால், அது எவ்வழி செல்லும் என்று சொல்ல இயலாது.

மறுநாளே, மிதிவண்டியில் சாணைச் சக்கரம் பொருத்தி வருபவரிடம் மணையைக் கொடுத்தேன். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவரை அவசரப்படுத்தினேன். பொறி பறந்தது, அலகின் ஓரத்தில் நீல நிறம் பாய்ந்தது. எஃகின் மெல்லிய விளிம்பு அவ்வளவு சூடேறினால் தன் உறுதியை இழந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்து நாளில் கூர் மறைந்தது. குற்றம் அவருடையதன்று, நின்று நிதானமாகச் செய்ய விடாத என்னுடையது. தாயாரின் நினைவாக இருந்த ஒரே பொருளை நானே கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் என்னை வாட்டியது.

அந்நிலையில், எங்கள் தெருவில் வாழும் முதிய தச்சர் ஒருவர் அலகைப் பார்த்தார். "கெட்டது ஓரம் மட்டுமே, உள்ளே நல்ல இரும்பு இருக்கிறது. கல்லில் தேய்த்து எடு. ஆனால் முதலில் இதில் பழகாதே, மலிவான நேர்க்கத்தி ஒன்றில் பழகு" என்றார். அவரே என் குருநாதர் ஆனார்.

அன்பர்களே! இரும்புக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழையது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் உருக்கு செய்த உலைகளின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்ற இலண்டன் கத்தித் தொழிலாளரோடு கூடி அதன் இரகசியத்தை ஆராய்ந்து, உருக்குக் கலவைகளைப் பற்றி 1820-இல் கட்டுரை வெளியிட்டார். ஆயினும், எத்தகைய உருக்காயினும் தானே கூராக இராது. நம் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைப் பலகையில் கல்தூள் தூவி நாள்தோறும் தீட்டிக்கொண்டார்கள். தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது என்று நன்றி மறந்தவனைப் பழிக்கும் பழமொழியும் நம்மிடம் உண்டு.

இனி, கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் கல். இந்தத் தக்காண பூமியெங்கும் கருங்கல்லாகக் கிடக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துத் தேய்க்கலாமே என்று நினைத்தேன். எரிமலைக் குழம்பு உறைந்த இக்கல்லில், நம் ஊர்க் கற்களில் உள்ள பளிங்குப் பருக்கைகள் இல்லை. ஆகவே உருக்கை நன்றாக அராவுவதில்லை. கடைகளில் கிடைக்கும் கார்போரண்டம் கல்லே போதும். களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் கடும் சூடேற்றியபோது, அமெரிக்கரான அச்சிசன் என்பவர் 1891-இல் கண்டெடுத்த பொருள் அது. வைரத்துக்குக் குறைந்ததேயாயினும் மிகக் கடினமானது. அதைக்கொண்டு சாணை செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தோன்றியது. கல்லின் எண் சிறிதானால் சொரசொரப்பு, பெரிதானால் மென்மை. ஒருபுறம் 120, மறுபுறம் 240 என இருக்கும் கல் ஒன்றும், 800 அல்லது 1000 எண்ணுள்ள கல் ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அடுத்தது சாய்வு. கத்தியைக் கல்லின்மேல் 15 முதல் 20 பாகை சாய்வில் பிடிக்க வேண்டும். பாகைமானி வேண்டியதில்லை. அலகின் அகலம் 5 செ.மீ. என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 1.5 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும். அச்சாய்வை முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை மாறாமல் காப்பதே இக்கலையின் உயிர். கை ஆடினால் விளிம்பு உருண்டுபோகும். என் கை ஆடியது. ஒரு வாரம் தேய்த்தும் கத்தி மேலும் மழுங்கியதேயன்றிக் கூராகவில்லை. "கல் சரியில்லை" என்றேன் குருநாதரிடம். அவர் ஒன்றும் பேசாமல், அலகின் ஓரத்தில் பேனா மையைத் தீட்டி, "இப்போது நாலு முறை இழு" என்றார். இழுத்துப் பார்த்தேன். விளிம்பில் மை அப்படியே இருந்தது. சற்று மேலே மட்டும் அழிந்திருந்தது. நான் ஒரு வாரமாக விளிம்பைத் தொடவே இல்லை!

விளிம்பைத் தொட்டுத் தேய்த்தால், மறுபுறத்தில் மயிரிழை போன்ற பிசிறு ஒன்று எழும்பும். கண்ணுக்குத் தெரியாது; விரல் நுனியை விளிம்பின் குறுக்கே, முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே தடவினால் தட்டுப்படும். விளிம்பின் நீளம் முழுவதும் பிசிறு எழும்பினால்தான் அப்பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு மறுபக்கம், அதன்பின் மென்மையான கல். ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் பழைய தோல் வாரில், கூர் பின்னே வரும்படி இழுத்துப் பிசிறைப் போக்கவேண்டும். பிசிறை விட்டுவைத்தால், அன்று கூராகத் தோன்றி மறுநாளே மழுங்கும். கல்லில் தண்ணீர் வற்றவும் கூடாது.

தேயத் தேயக் கல்லும் நடுவே குழிந்துவிடும். அதைத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் ஈரமான சொரசொரப்புத் தூளைத் தூவித் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். கண்ணாடி என்றதும் இவ்வூரின் பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. பொதுமக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய 'பைசா நிதி'யைக் கொண்டு, லோகமான்ய திலகரின் ஆதரவோடு, 1908-இல் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை தோன்றியது. ஒரு பைசாவால் என்ன ஆகும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. ஓர் இழுப்பால் என்ன ஆகும் என்று நானும் எண்ணுவதை விட்டேன்.

மூன்று மாதம் சந்தைக் கத்தியில் பழகியபின், தாயாரின் மணையைத் தொட்டேன். வளைந்த அலகு ஆதலால், அதைக் கல்லிடம் கொண்டுசெல்ல இயலாது. சிறு கல்லைக் கையில் பிடித்து அலகிடம் கொண்டுசெல்ல வேண்டும். விரல் கல்லின் விளிம்பைத் தாண்டாதபடி காத்துக்கொண்டு, நீலம் பாய்ந்த ஓரத்தை மாலைதோறும் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுத்தேன். அது முழுவதும் போக மூன்று வாரம் ஆயிற்று. அப்படித் தேய்க்கும்போது அலகின் அடிப்பாகத்தில் பழைய கோடுகள் தென்பட்டன. அனைத்தும் ஒரே சாய்வில் சீராக இருந்தன. அவை என் தாயார் கல்லால் தீட்டிய தடங்கள்! நான் அலுவலகம் சென்ற பின், எவரிடமும் சொல்லாமல், அவரே தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாற்பது வயதைக் கடந்து நான் குருவைத் தேடி அலைந்த வித்தை, என் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று என் மனைவி அதில் தக்காளி நறுக்கினாள். சாறு சிந்தாமல் துண்டு விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரலிலிருந்த தழும்பை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த தக்காளியை எடுத்தாள். எனக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

அரத்தைப் போன்ற கூர்மை உடையவராயினும், மக்கட்பண்பு இல்லாதவரை மரத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கத்தியின் கூரும் அத்தகையதே. அது யாருக்காகத் தீட்டப்படுகிறதோ அவருடைய கையை எண்ணித் தீட்டினால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆகவே, ஊரைவிட்டு வந்து வாழும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டு முதியோர் எதையோ நாள்தோறும் அமைதியாகச் செய்துகொண்டிருப்பார்கள். இன்றே அருகில் சென்று, "அதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராதீர்கள்.

வீட்டில் மழுங்கிய கத்தி வைத்திருப்போர் கொண்டுவாருங்கள். நான் தீட்டித் தரமாட்டேன். உங்களோடு அமர்ந்து தீட்டக் கற்றுத் தருவேன்.