உமிச் சாம்பலும் ரப்பர் டயரும்



கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் நெல் அரைக்கப் போனால் அரிசியும் தவிடும் வீட்டுக்கு வரும். உமி பெரும்பாலும் மில்லிலேயே தங்கிவிடும். புழுங்கல் மில்லில் அது கொதிகலனில் எரிந்து சாம்பலாய்க் குவிகிறது. அந்தச் சாம்பலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 75 கிலோ நெல் மூட்டையில் உமி சுமார் 15 கிலோ. எரித்தால் சாம்பல் 3 கிலோ. நன்றாக எரிந்த சாம்பலில் 100-க்கு 85 பங்குக்கு மேல் சிலிக்கா, அதாவது மணல்சத்து. எல்லாம் உங்க வயல் மண்ணிலிருந்து பயிர் உறிஞ்சினதுதான்.

மணல்சத்து யாருக்கு வேணும் என்பீர்கள். டயர்காரருக்கு வேணும்! ரப்பர், பிளாஸ்டிக் வகையறாவுக்குப் பாலிமர் என்று பெயர். ரப்பரில் நைசான சிலிக்காவைக் கலந்தால் உறுதி கூடும், சக்கரம் சுலபமாய் உருளும், டீசல் மிச்சப்படும். உமிச் சாம்பல் சிலிக்காவை டயரில் சேர்ப்பதாகக் குட்இயர் கம்பெனி 2014-இல் அறிவித்தது.

சாம்பலை அப்படியே கொட்டிக் கலக்க முடியாது. காஸ்டிக் சோடாவில் காய்ச்சி, கரியை வடிகட்டி, அமிலம் விட்டால் பால் திரிவது போல வெள்ளைச் சிலிக்கா பிரியும். அது தண்ணீரோடு ஒட்டும். ரப்பரோ எண்ணெய்க் குணம். நடுவே சிலேன் என்ற ரசாயனம் தரகர் மாதிரி நின்று இரண்டு பேரையும் கைகோக்க வைக்கும். பிறகு பட்டையாக வெட்டி, அறுகிற வரை இழுத்துப் பார்ப்பார்கள். தேய்த்து, எடை எவ்வளவு குறைந்தது என்றும் பார்ப்பார்கள்.

விருத்தாசலம் பீங்கான் சூளைக்காரரைக் கேளுங்க, சூட்டைப் பொறுத்துத்தான் சரக்கு என்பார். உமிக்கும் அதே கதைதான். 700 டிகிரிக்குள் எரிந்த சிலிக்கா எளிதில் கரையும். சூடு மிஞ்சினால் படிகமாய் இறுகிவிடும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கறுப்புச் சாம்பல் என்றால் கரி மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். படிகமா இல்லையா என்பதை எக்ஸ்ரே சோதனைதான் சொல்லும், கண் சொல்லாது.

டயர் கம்பெனி லாரி நாளைக்கே கம்மாபுரம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. விலைக்குக் கேட்டு யாராவது வந்தால், நாலு பேர் சேர்ந்து, சாம்பலைச் சோதித்த பிறகு பேரம் பேசுங்க. அதுவரை மில்காரரிடம் கேட்டு வாங்கி வயலிலேயே போடுங்க. வைக்கோலையும் கொளுத்தாமல் மடக்கி உழுங்க. மணல்சத்து ஏறிய பயிரின் தண்டு கெட்டிப்படும், சாய்வது குறையும், குலைநோயும் மட்டுப்படும். சாம்பலை அள்ளும்போது தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்க.