கழுத்தில் தெரியும் ‘நரம்பு’

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்த கேள்விகளோ வேறு. டொரொண்டோவிலிருந்து ஒருவர், கூடலூரிலிருந்து ஒருவர், இங்கே ஹட்டனிலிருந்தே இரண்டு பேர், எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “கழுத்தில் நரம்பு புடைத்துத் தெரிகிறது, என்ன செய்யலாம்?” சிலர் வெட்கத்தோடு கேட்டிருந்தார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ‘நரம்பு’ என்ற சொல்தான் கொஞ்சம் வில்லங்கமானது.

நம் பேச்சில் மூளையிலிருந்து வருவதும் நரம்பு, இரத்தம் ஓடும் நாளமும் நரம்பு, இழுத்துக் கட்டிய கயிறுபோல் தெரியும் தசையும் நரம்பு. அதனால் ஒருவர் “கழுத்து நரம்பு” என்று சொன்னதும் நான் முதலில் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. வெளிச்சத்தின் பக்கம் திரும்பி உட்காரச் சொல்வேன்.

நாடியின் கீழிருந்து காறை எலும்பை நோக்கி நெடுக்காக இரண்டு வடங்கள் தெரிகின்றனவா? அது பெரும்பாலும் பிளட்டிஸ்மா என்ற தசை. தோலுக்குச் சற்றுக் கீழே, தாடை ஓரத்திலிருந்து நெஞ்சின் மேற்பகுதிவரை துணிபோல் விரிந்திருக்கும் மெல்லிய தசை அது. வயது ஏற ஏற அதன் நடு ஓரங்கள் விலகி, இறுகி, வடமாக எழும்பும். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழுதட்டின் இரு மூலைகளையும் கீழ்நோக்கி இழுங்கள். வடம் பளிச்சென்று எழுந்து, விட்டதும் தணிந்தால் அது தசை. (இப்போதே செய்து பார்க்க வேண்டாம், புகைப்படக்காரர் முன்னால்தான் நிற்கிறார்.)

குறுக்காக ஓடும் கோடுகள் வேறு. அவை தோலின் மடிப்பு. சங்குக் கழுத்து என்று அந்த வரிகளை அழகாகச் சொன்ன மொழி நம்முடையது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் பயப்படும் ‘நரம்பு’. பாடும்போதும் முக்கும்போதும் கழுத்து நாளம் புடைப்பது இயல்பு. ஆனால் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, பேசாமல் இருக்கும்போதும் கழுத்தின் பக்கத்தில் நாளம் நிரம்பி நின்றால், கூடவே கால் வீக்கமும் படியேறும்போது மூச்சு வாங்கலும் இருந்தால், அது இருதயம் சொல்லும் சேதி. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் “நரம்பு தெரியுது, கிறீம் ஏதாவது தாங்க” என்று கேட்டுக்கொண்டு வரலாம். அவருக்குத் தேவை ஈ.சி.ஜி.யும் எக்கோ ஸ்கேனும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் வீக்கம் தைரொயிட் சுரப்பியில் உள்ளது. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 முதல் கட்டாயமாக இருக்கிறது. இருந்தாலும் கட்டிகள் வரத்தான் செய்கின்றன. தாடைக்குக் கீழே கல்போல் இறுகிய, வலியில்லாத கட்டி இருந்தால் வாயைத் திறந்து காட்டுங்கள். வெற்றிலை போடும் அம்மாமார், பாட்டிமார் உள்ள வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். வாய்ப் புற்றுநோய் முதலில் கழுத்துக் கட்டியாகவே கண்ணில் படுவதும் உண்டு.

இவை எதுவும் இல்லை, வெறும் தசை வடம்தான் என்று தெரிந்த பிறகே அழகு சிகிச்சை பற்றிய பேச்சு.

அது ஏன் சிலருக்கு முந்தித் தெரிகிறது? வயது ஒரு காரணம். மெலிவு இன்னொன்று. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு குறைந்தால் தசையை மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது வெயில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. குளிர் அடிக்கிறது, மேகம் மூடியிருக்கிறது என்பதால் தோல் தப்பிவிடாது. மலையில் கொழுந்து பறிப்பவர்கள் தலையையும் முதுகையும் மூடிக்கொள்கிறார்கள். கழுத்தின் பக்கங்கள் நாள் முழுக்க வெளியே. கூடைக் கயிறு இழுத்துத்தான் இந்த வடம் வந்ததா என்று கேட்பார்கள். அந்தப் பாரத்தைத் தாங்குபவை கழுத்தின் ஆழத்திலுள்ள தடித்த தசைகள். இந்தத் துணிபோன்ற தசையை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, சிகிச்சை. கிறீம் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும், தசையை எட்டாது. லேசர், ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் இயந்திரங்கள் தளர்ந்த தோலை ஓரளவு இறுக்கலாம். வடத்தைப் போக்கும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். நாடிக்குக் கீழுள்ள கொழுப்பைக் கரைக்கும் ஊசியும் வடத்துக்கானது அல்ல. சொல்லப்போனால், கொழுப்பு போனதும் வடம் இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும்.

சத்திரசிகிச்சை இல்லாமல் வடத்தைத் தணிப்பது பொட்டுலினம் ஊசி. பொட்டொக்ஸ் என்பது அதன் ஒரு வியாபாரப் பெயர். கெட்டுப்போன டின் உணவில் உண்டாகி ஆளையே முடக்கும் அதே நச்சுதான், மிகச் சிறிய அளவில். வடத்தின் நெடுகிலும் சில இடங்களில் போடுவார்கள். சில நாட்களில் தசை தளரும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி வரும். டொக்டர்கள் பல ஆண்டுகளாகவே கழுத்துக்குப் போட்டு வந்தாலும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கழுத்து வடத்துக்கென்று இதை அனுமதித்தது 2024 ஒக்டோபரில்தான். அளவு கூடினாலோ ஆழம் தவறினாலோ விழுங்கக் கஷ்டமாகும், குரல் மாறும், தலையைத் தூக்கப் பலமில்லாமல் போகும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம். செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு ஊசியின் விலையைப் பார்க்காமல் வருடத்துக்கு மூன்று தடவை என்று பெருக்கிப் பாருங்கள்.

தோலும் மிகத் தளர்ந்து தொங்கினால் ஊசி போதாது. சத்திரசிகிச்சையில் நாடிக்கடியில் சிறிதாக வெட்டி, விலகிய தசை ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். உபரித் தோல் இருந்தால் காதுகளைச் சுற்றியும் வெட்ட வேண்டிவரும். பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் வயது அங்கேயே நின்றுவிடாது. முதல் நாளில் தோலுக்கடியில் இரத்தம் தேங்குவதுதான் அதிகம் பயப்பட வேண்டிய சிக்கல். கீழுதட்டை அசைக்கும் நரம்பு (இது உண்மையான நரம்பு) அடிபட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் அது மாதங்களில் சரியாகும். புகைப்பவர்களுக்குத் தோல் ஆறாமல் கருகக்கூடும். எடை குறைக்க நினைத்திருப்பவர்கள் முதலில் அதை முடியுங்கள் என்பது என் அபிப்பிராயம். அரச வைத்தியசாலைகளின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்குத் தீக்காயமும் உதட்டுப் பிளவும் புற்றுநோயுமே போதும் போதும் என்ற வேலை. இதை நீங்கள் தனியாரிடமே செய்ய வேண்டியிருக்கும்.

தனியார் என்றதும் கவலை கூடுகிறது. அழகு நிலையத்தில், அல்லது யாரோ ஒருவரின் வீட்டு முன்னறையில், மலிவாக ஊசி போடுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற டொக்டரா, மருந்துக் குப்பியில் என்ன பெயர், எந்தத் திகதிவரை செல்லும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். நமது கல்லூரியில் படித்தவர்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழுவில் ஒரு தங்கை எழுதியிருந்தார்: “அக்கா, முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்து அம்மா எங்களைப் படிக்கவைத்தா. இப்ப என்னிடம் காசு இருக்கு. அம்மாவின் கழுத்தைச் சரி பண்ண ஆசை.” அந்த அம்மாவுக்கு எழுபது வயது. ஆசை யாருடையது என்று நான் கேட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு மறுநாள் அவர் எழுதினார்: “கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கண்ணுக்குப் புரை எடுக்கணுமாம்.” அதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

அம்மாவே விரும்பினால் எழுபதிலும் செய்யலாம். வயது மட்டும் தடையல்ல. இருதயம், சுவாசப்பை, சீனி, பிரஷர் எல்லாம் மயக்க மருந்துக்குத் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். அஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த டொக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து செய்ய நினைப்பவர்கள் தையல் வெட்டி வீக்கம் வற்றும்வரை இரண்டு வாரமாவது இங்கே தங்குங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.