கங்காணி பார்க்காத மலை



மலையகத்தில் ‘பீலி’ என்றால் விளக்கம் தேவையில்லை. மலை இடுக்கில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து லயத்துப் பக்கம் இறக்கிக்கொள்கிறோமே, அதுதான். பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் முன் குடத்தோடு நிற்கும் இடம். தண்ணீர் கலங்கி வந்தால், மேலே மண் ஏதோ அசைந்திருக்கிறது என்று அங்கே நிற்கும் பெண்களுக்குத் தெரிந்துவிடும். அதை யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தோட்டத்துக்குக் கண்காணிப்பு புதிதல்ல. கங்காணி என்ற சொல்லே ‘கண்காணி’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆளைப் பார்க்கக் கங்காணி, பேர் போடக் கணக்கப்பிள்ளை, கொழுந்தை நிறுக்கத் தராசு. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இந்த மலைகளில் மனிதர் மீது விழுந்த கண் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கண் ஓடையின் மீதும் மண்ணின் மீதும் எவ்வளவு விழுந்தது?

2014ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. டிசம்பரில் பண்டாரவளைப் பக்கம், உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. நான்கு மாதத்துக்குள் தேர்தல், மண்சரிவு, நீர்க்கசிவு. மூன்றும் ஒரே மாகாணத்தில்.

மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது புதுச் செய்தியல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் நடந்து போய், ‘இந்தக் குடும்பங்களுக்கு மாற்றிடம் எங்கே, எந்த மாதத்துக்குள்?’ என்று விடாமல் கேட்கும் வேலைக்குத்தான் கண்காணிப்பு என்று பெயர்.

தேயிலை மலையில் குறுக்கே கான் வெட்டுவது எதற்கு? மழைத்தண்ணீரைப் பக்கமாக ஒதுக்கி ஓடையில் சேர்க்க. கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனக்கும், அடியில் உள்ள பாறைமேல் வழுக்கும். ஆனால் தோட்டக் கணக்கில் கொழுந்து வரவு, கான் செலவு. கொழுந்து குறைந்தால் அன்று மாலையே தெரியும். கான் தூர்ந்தால் பல வருஷம் கழித்து, ஒரு மழை இரவில்தான் தெரியும். வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பது இதனால்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்ட மலைகள் மறுபடியும் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின.

உமா ஓயாவின் கதை வேறு விதம். வெலிமடைப் பக்கத்துத் தண்ணீரை, 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தால் மலைக்கு அடியில் திருப்பி, வெல்லவாயப் பக்கம் இறக்கி, 120 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் திட்டம். சுரங்கத்துக்குள் நீர் கசியக் கசிய மேலே கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளையில் சனம் தெருவில் இறங்கியது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறக்கப்பட்டது. இதற்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டதுதான். மதிப்பீடு என்பது பெண் பார்க்கும் படலம் மாதிரி. குடும்பம் நடப்பது அதற்குப் பிறகு. துளையிடும் ஒவ்வொரு வாரமும் மேலே உள்ள கிணறுகளின் மட்டத்தை அளந்து, அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்வதில்தான் காரியம் இருக்கிறது.

சரி, பார்க்க வேண்டியவர் யார்? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, கழிவை வெளிவிடும் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். பெரியவற்றை மத்திய சுற்றாடல் அதிகார சபை கவனிக்கிறது. சிறிய தொழில்களுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆக, பிரதேச சபை என்பது தெருவிளக்குப் போடும் இடம் மட்டுமல்ல.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், 33ஆம் பிரிவு. தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், அந்த வாக்கில் வந்த சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ கான் கட்டவோ முடியாது. இதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். முப்பது வருஷம் வாசலோடு நின்று பழகிய கால், சட்டம் மாறிய மறுநாளே உள்ளே நடந்துவிடுமா?

மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். 13ஆம் திருத்தம் மாகாணத்துக்குள் சுற்றாடலைப் பாதுகாக்கும் விடயத்தை மாகாணப் பட்டியலிலும் வைத்தது. வடமேல் மாகாணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1990இலேயே தனக்கென ஒரு சுற்றாடல் நியதிச்சட்டம் இயற்றி, மாகாணச் சுற்றாடல் அதிகார சபையையும் அமைத்தது. குருநாகலும் புத்தளமும் செய்ததைப் பதுளையும் மொனராகலையும் யோசிக்கலாமே என்றால், யோசிக்க வேண்டிய ஊவா சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பிறகு அதற்குத் தேர்தலே இல்லை. மலைக்கு மட்டும் தவணை கிடையாது, அது பாட்டுக்குச் சரிகிறது.

இருந்தாலும் கைக்கு எட்டுகிற ஒன்று இருக்கிறது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நீங்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் பக்கத்து ஊரில்தான் இருப்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. உங்கள் ஓடைக்கு மேலே நடக்கும் தொழிலுக்கு உரிமம் உண்டா, நிபந்தனை என்ன, கடைசியாக யார் எப்போது வந்து பார்த்தார்கள்? மூன்றையும் எழுதிக் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம்.

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். பீலி கலங்கிய நாள், ஊற்று திடீரென வற்றிய நாள், சுவரில் புது வெடிப்பு, கான் அடைத்த இடம். திகதி போட்டு ஒரு வரி எழுதினால் போதும். மாதம் ஒருமுறை அந்தக் கொப்பியோடு சபைக்குப் போய், அதன் பிரதியைக் கொடுத்து, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை மறந்துவிடலாம், கையொப்பம் வைத்த தாளை மறந்துவிட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

நம்மைப் பார்த்து, பேர் எழுதி, கணக்குப் போட்ட மலை இது. இப்போது கொப்பி நம் கையில் இருக்கட்டும்.