நூலகம் நம் வீட்டுச் சொத்து
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி கையில் ஒரு தாளுடன் பள்ளிவாசலின் முன் வந்து நின்றார். பட்டாசு ஆலை விபத்தில் காயமுற்ற கணவருக்கு வரவேண்டிய தொகை பற்றிய தாள் அது. அதில் அவர் ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே வந்திருந்தார். அவர் பள்ளிக்கூடமே காணாதவர் அல்லர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளியை விட்ட நாள் முதல் ஒரு புத்தகத்தையும் தொடாததால், கற்ற எழுத்து கைநழுவிப் போயிருந்தது. அன்றிலிருந்து என் உள்ளத்தை உறுத்தும் செய்தியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வட்டாரம் எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆலைச் சுவரில் ஒட்டிய எச்சரிக்கையைப் படிப்பதும், கையொப்பமிடும் தாளைப் படித்துப் பார்ப்பதும் இங்கே உயிரோடும் உரிமையோடும் சேர்ந்த காரியங்கள். நாடெங்கும் செல்லும் நாட்காட்டிகளையும் நோட்டுப் புத்தகங்களையும் அச்சிட்டு அனுப்புவது பக்கத்துச் சிவகாசி. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் அச்சடித்த பொருளாகச் சுவரில் தொங்கும் நாட்காட்டி ஒன்றே இருக்கிறது!

அன்புச் சகோதரர்களே! நம் மார்க்கத்தின் முதல் வஹீ ஓதுமாறு கட்டளையிட்டே இறங்கியது. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்தம் மீட்புத் தொகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றை நாம் அறிவோம். பொன்னுக்கு ஈடாக எழுத்தை மதித்த சமுதாயம் நாம்.

இனி, உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்களின் முயற்சியால், 1948ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. அச்சட்டத்தின் வழியே வந்தது இவ்வரி. ஆகவே பொது நூலகம் எவரோ நமக்கு இடும் தருமம் அன்று; நாம் பணம் கட்டி வைத்திருக்கும் சொத்து. பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்புகிறவரை நாம் என்ன சொல்வோம்?

2006ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல பின்னர்ப் பூட்டிக் கிடந்ததும் உண்மையே. அரசைக் குறை கூறுவது எளிது. ஆனால் படிக்க வருவோர் இல்லாத நூலகத்தைத் திறந்து வைக்குமாறு எவர் போய்க் கேட்பார்? வாசகர் கூட்டமே நூலகத்தின் திறவுகோல்.

பெண்களும் முதியோரும் எவ்வாறு செல்வர் என்று சிலர் வினவக்கூடும். 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதே எண்ணம் இன்று வேறு வடிவில் வந்திருக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்திற்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், இல்லத்தரசிகள் ஆகியோரிடம் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டு சேர்க்கின்றனர். மேல்நிலைப் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள் இப்பணிக்கு முன்வரலாம்.

கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆலைகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் அவை திறந்திருக்கும். நமக்கு இதனினும் ஏற்ற ஏற்பாடு வேண்டுமா? ஞாயிறுதோறும் தாயும் பிள்ளையும் சேர்ந்து செல்லட்டும். பிள்ளை ஒரு கதைப் புத்தகம் எடுக்கட்டும். இரவில் அதைத் தாய்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். எழுத்தை மறந்த தாய்க்கும் அது திரும்பி வரும். தீபாவளிக்குப் பின் ஆலைகளில் வேலை குறையும் நாட்களை இதற்கென ஒதுக்கலாம். நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரமும் அதனை ஒட்டியே வருகிறது.

கைபேசி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பர். கைபேசி தானே ஒன்றைக் காட்டி நம்மை இழுத்துச் செல்கிறது. புத்தகத்தையோ நாமே தேர்ந்தெடுத்துப் பொறுமையோடு இறுதிவரை செல்கிறோம். ஒரு சட்டத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள அந்தப் பொறுமையே தேவை.

பெரியோர்களே! சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நம்மை அடுத்த எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர் இன்றும் நிற்கிறது. பொது நூலகத்திற்கு ஆயிரம் ரூபாய் அளிப்பவரை நூலகத் துறை “புரவலர்” என்றே அழைக்கிறது! வள்ளல் தாங்கிய பெயரை நாமும் தாங்க ஆயிரம் ரூபாய் போதும். திருமண வீடுகளில் ஒரு வேளைப் பந்தலுக்கு நாம் செய்யும் செலவை எண்ணிப் பாருங்கள்.

எனவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, வரும் ஆண்டிற்குள் ஜமாஅத்தின் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் நூலக உறுப்பினராக வேண்டும். மக்தபில் ஓதும் பிள்ளைகள் அனைவரையும் உஸ்தாத் அவர்கள் துணையுடன் சேர்த்துவிட வேண்டும். இரண்டு, வசதியுள்ள பத்துப் பேர் புரவலர்களாகச் சேர வேண்டும். மூன்று, 2023 ஜூலை 15இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு நம் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றுள் எவை நிறைவேறின என்பதை அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து வெளியிடுமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டு நம் சகோதரி எவரும் இனி வாசலில் நிற்கலாகாது. படித்தறிந்த பின்னரே கையொப்பமிடும் தலைமுறையாக நம் மக்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.