பேசித் தீர்த்திருக்கலாம்



1974-ஆம் ஆண்டு மே 8. நாடெங்கும் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் பேர்!

என்ன கேட்டார்கள்? எட்டு மணி நேர வேலை. போனஸ். சம்பள உயர்வு. ரயில் எஞ்சின் ஓட்டுபவர் புறப்பட்டால் எப்போது வீடு திரும்புவார்? அவர் மனைவிக்கும் தெரியாது.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. மே 2-ஆம் தேதியே தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை அரசு கைது செய்தது. பேச வந்தவரைச் சிறையில் வைத்துவிட்டு யாரோடு பேசுவது?

ரயில் நின்றால் நிலக்கரி போகாது, அரிசி போகாது. அரசின் கவலை பொய்யல்ல. அதற்காகவே பொறுமையாகப் பேசியிருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். பலருக்கு வேலை போனது. 20 நாளில் போராட்டம் முடிந்தது. கோரிக்கை நிறைவேறவில்லை.

1977-இல் ஆட்சி மாறியது. வேலை இழந்தவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1979-இல் அரசே ரயில் தொழிலாளருக்குப் போனஸ் கொடுத்தது.