சாலையின் பிடிப்பை அளக்கும் ரப்பர்த் துண்டு



இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில் ஓய்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்படுகிறான். தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக வருகிறான். தார்ச்சாலையில் ஏறியதும், இனிப் பயமில்லை என்று வேகத்தைக் கூட்டுகிறான். அங்கேதான் நாம் பயப்பட வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

சக்கரத்தை நிறுத்துவது பிரேக். வண்டியை நிறுத்துவதோ டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. இதை உராய்வு என்பார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல பிடிப்புள்ள உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கும். பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆனாலும், அதற்குள் இன்னும் 14 மீட்டர் போய்விடும்.

இந்தப் பிடிப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் அறிய வேண்டும். அதற்கு ஊசல் கருவி ஒன்று உண்டு. 1940களில் அமெரிக்காவில் பெர்சி சிக்லர் என்பவர், மனிதர் நடக்கும் தரை வழுக்குமா என்று அறிய இதை உருவாக்கினார். பின்னர் பிரிட்டிஷ் சாலை ஆய்வுக்கூடம் இதைச் சாலைக்கு ஏற்றபடி திருத்தியது.

கடிகார ஊசல் போன்ற ஒரு கை. அதன் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு. சாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையை மேலிருந்து விடுவார்கள். ரப்பர் சாலையை ஒரு சாண் நீளத்திற்கும் குறைவாக உரசிக்கொண்டு, மறுபக்கம் எழும்பும். சாலை வழவழப்பாக இருந்தால் கை உயரமாக எழும்பும். பிடிப்பு இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும். கூடவே செல்லும் முள் எண்ணைக் காட்டும். கூர்மையான வளைவு, செங்குத்துச் சரிவு போன்ற இடங்களில் ஈரத்திலும் 65 இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வுக்கூடம் வழி காட்டியது.

தண்ணீர் ஊற்றி அளப்பது ஏன்? ரப்பருக்கும் கல்லுக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பு குறையும். சாலைக் கற்களுக்கு நடுவே பள்ளங்கள் இருந்தால் தண்ணீர் ஒதுங்கிவிடும். ஆனால் கனமான லோரிகள் ஓயாமல் பிரேக் பிடிக்கும் இடங்களில், கற்கள் அம்மிக்கல்போல் தேய்ந்து வழவழப்பாகிவிடும்.

குளுவாங், யோங் பெங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. லோரிச் சக்கரத்தில் ஒட்டிய செம்மண் தார்ச்சாலையில் படிகிறது. பல நாள் வெயிலுக்குப்பின் விழும் முதல் மழையில், மண்ணும் எண்ணெய்ப் பசையும் குழம்பி வழுக்கும்.

ஆகவே, தேய்ந்த டயரை உடனே மாற்றுவோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்போம். தோட்ட வாசலில் மண் படிந்தால் நிர்வாகத்திடம் சொல்லிக் கழுவச் செய்வோம். ஒரே இடத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் பொதுப்பணி இலாகாவுக்கு எழுதுவோம். அந்த இடத்தை அளந்து பார்க்க வழி இருக்கிறது.