கரைக்கு வந்த கணக்கு
(நூற்றாண்டு விழா உரை)



நம்மில் பலர் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தகப்பன்மார் கரைசேர்த்த மீன்தான் நமது கொப்பி, புத்தகம், சீருடை.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தது. ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் பெருமளவு கடலில் கொட்டி, நமது புத்தளம் மாவட்டக் கரைக்கும் வந்தது.

அது சிங்கப்பூரில் பதிவான கப்பல். அரசின் நட்டஈட்டு வழக்கு தாமதமாகி, 2023 ஏப்ரலில் சிங்கப்பூரிலேயே தாக்கலானது. வழக்கைத் தடுக்க 25 கோடி டொலர் இலஞ்சம் கைமாறியதாகத் தமக்குத் தகவல் கிடைத்தது என்று அன்றைய நீதி அமைச்சரே சொன்னார். அது குற்றச்சாட்டு, தீர்ப்பல்ல. தீர்ப்பு 2025 ஜூலை 24இல் நமது உயர் நீதிமன்றத்தில் வந்தது: கப்பல் தரப்பு 100 கோடி டொலர் செலுத்த வேண்டும். அரச தரப்பினரின் கடமைத் தவறையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அந்நியக் கம்பனிக்காக ஒரு கோப்பு மேசையில் தூங்கினால், அதன் விலையைக் கொடுப்பவர் வலை இழுப்பவரே. சகோதரிகளே, நம்மில் அரச அலுவலர்கள் உண்டு, சட்டத்தரணிகள் உண்டு, கடல்கடந்து வாழ்வோரும் உண்டு. அந்தப் பணம் வந்ததா, யார் கைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டேயிருப்போம். கணக்குக் கேட்கத்தான் இந்தப் பாடசாலை நமக்கு எழுத்தறிவித்தது.